அக்கா வண்டியின் ஆமை விளக்கு

அந்தப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு வருகிறவர்கள் முதலில் செய்ய வேண்டிய காரியம், வாயை மூடிக்கொள்வது. என்ன கோளாறு, எப்போதிலிருந்து, எங்கே போனபோது என்று யாராவது விவரம் சொல்லத் தொடங்கினால் மெக்கானிக் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். “நீங்க பேசாதீங்க. அது பேசட்டும்” என்பார். பிறகு நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து, அதன் முனையை ஓடும் இன்ஜின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். புதிதாகப் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அவர் கண்ணைத் திறந்து “மூணாவது வால்வு” என்று சொன்னால் அது மூன்றாவது வால்வாகத்தான் இருக்கும். அதனால் அவருக்குக் ‘காது’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் உயிரோடு இருந்தது.

அதே தெருவின் மறுகோடியில் இன்னொரு பட்டறை உண்டு. அதை நடத்துகிறவர் சின்னப் பெட்டி ஒன்றைக் காரோடு சேர்த்துச் சொருகி, அது காட்டும் எண்ணைப் பார்த்துக் கோளாறைச் சொல்வார். பெட்டிக்காரர் என்றாலே காதுக்கு இளக்காரம். “வைத்தியம் படிக்காம தெர்மாமீட்டரை மட்டும் வாங்கி வச்சிருக்கான்” என்று டீ குடிக்க வரும் ஆட்டோக்காரர்களிடம் சொல்வார். அவர்களும் டீ ஆறும் வரை சிரிப்பார்கள். சும்மா சொல்லக்கூடாது, காதுக்கு வேலை தெரியும். வேலை தெரியும் என்பது தனக்கே ரொம்பத் தெரியும் என்பதுதான் அவருடைய வியாதி.

அவருடைய அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றார் என்று பெயர்தான். மறுமாதமே, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீடுகளுக்குப் போய் ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது என்று கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை என்று ஓடிவந்த தம்பியை அந்தக் காலத்தில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். தம்பியின் ஒரு தொழில் பழக்கமும் அக்காவிடமிருந்துதான் வந்தது. பிளாஸ்திரி ஒட்டினால் அக்கா அதன் நுனியை உள்பக்கம் மடித்துச் சின்ன வால் ஒன்று விடுவார். பிரிக்கும்போது நகத்தால் சுரண்டி நோயாளியை அலற வைக்க வேண்டியதில்லை. முழங்கையையும் முட்டியையும் சிராய்த்துக்கொண்டு வந்து நின்ற நாட்களில் அதைப் பார்த்துப் பார்த்து, காதும் எங்கே டேப் சுற்றினாலும் நுனியில் வால் விடுவார். அந்த வட்டாரத்தில் வேறு எந்த மெக்கானிக்கும் இதைச் செய்வதில்லை.

அக்காவின் கார் பழையது. பத்து வண்டிகளை ஒதுக்கிவிட்டு அதைத் தேர்ந்தெடுத்ததே காதுதான். “என் தம்பி காதால பார்த்து வாங்கின வண்டி” என்று அக்கா போகிற வீட்டிலெல்லாம் சொல்லிவைத்திருந்தார். பல வருஷம் அது குறை சொல்ல இடமில்லாமல் ஓடியது. பிறகு ஒருநாள் மீட்டருக்குப் பக்கத்தில், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்ஜின் என்று மற்றவர்கள்தான் சொன்னார்கள். அக்காவின் கண்ணுக்கு அது தலையை நீட்டிக்கொண்டிருக்கும் ஆமை.

“டேய், வண்டியில ஆமை வந்துடுச்சுடா” என்று போன் செய்தார்.

காது ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டார். இன்ஜின் கோவில் புறா மாதிரி குமுறிக்கொண்டு ஒழுங்காக ஓடியது. எதற்கும் இருக்கட்டும் என்று பிளக்குகளை மாற்றினார். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். ஆமை தலையை இழுத்துக்கொண்டது. ஒரு வாரம் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தது. ஏர் ஃபில்டரை மாற்றினார். மறுபடி ஆமை. புகைக்குழாயில் இருக்கும் சென்சாரை மாற்றினார், பெட்ரோல் மூடியை மாற்றினார், அதற்கு மேல் மாற்ற வண்டியில் அக்காவைத் தவிர வேறெதுவும் பாக்கி இல்லை. ஆமை போவதும் வருவதுமாக இருந்தது.

அக்கா ஒருநாள் பட்டறைக்கு வந்து நின்று, “ஒண்ணு சொல்லட்டுமா?” என்றார். “தரையில போறப்ப ஒண்ணும் இல்லடா. நான் ஊசி போடப் போற டீச்சரம்மா வீட்டு மேடு ஏறுறப்ப மட்டும் முன்னாடி ‘ஸ்ஸ்ஸ்’னு ஒரு சத்தம் வருது. டம்ளர் காலியானப்புறமும் ஸ்ட்ராவை உறிஞ்சற மாதிரி.”

காது கையை உயர்த்தினார். பிறகு பெஞ்சில் இருந்த ஆட்டோக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் சிரிக்கத் தயாரான ஒரு ஆவல் இருந்தது. அதைக் கண்டால் காதுக்கு வாய் நிற்காது.

“அக்கா, மேடு ஏறும்போது மூச்சு வாங்கறது வண்டி இல்ல. நீதான்.”

பட்டறையே சிரித்தது. அக்காவும் சிரித்தார். ஆனால் கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். போகும்போது மெதுவாக, “அந்தப் பெட்டிக்காரர்கிட்ட ஒருதடவை காட்டிப் பார்க்கலாமாடா?” என்று கேட்டார். அவ்வளவுதான், காதுக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. ஊரெல்லாம் தம்பி பெருமை பேசிய வாய், தம்பியின் பட்டறை வாசலிலேயே பெட்டிக்காரரின் பெயரைச் சொல்லலாமா!

“காட்டு, தாராளமா காட்டு. ஆனா கோளாறு வண்டியில இல்லக்கா, ஓட்டற விதத்துல இருக்கு. கிளட்ச் மேலேயே காலை வச்சு ஓட்டுவே. மேட்டுல கியரை மாத்தத் தயங்குவே. அதான் லைட் எரியுது. இருந்தாலும் சொல்றேன், இன்னிக்கு நான் பார்த்து அனுப்பினா இனிமே அந்த ஆமை வராது. வந்துச்சுன்னா நான் மீசையை எடுத்துடறேன்.”

ஆட்டோக்காரர்கள் கை தட்டினார்கள். அந்த மீசை சாதாரண மீசை இல்லை. அதற்கென்று தனியாக ஒரு சீப்பு இருந்தது.

ஒரு வாரம் கழித்து அக்காவின் வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது, வண்டியை நகர்த்தி நிறுத்த இன்ஜினைக் கிளப்பிய காதுக்கு அந்த மஞ்சள் ஆமைதான் முதலில் கண்ணில் பட்டது. அக்கா இன்னும் பார்க்கவில்லை. மறுநாள் சர்வீஸ் என்று சொல்லி வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு போனார். அன்று அவர் செய்ததை வேலை என்று சொல்ல முடியாது. மீட்டர் பலகையை முன்னால் இழுத்து, பின்பக்கம் அந்த விளக்கின் வெளிச்சம் வரும் துளை மேல் கறுப்பு டேப்பை மடித்து ஒட்டினார். பல்பைக் கழற்றியிருக்கலாம். பல்பைக் கழற்றுவது ஏமாற்று வேலை, டேப் என்றால் தற்காலிகம் என்று தனக்குத்தானே ஒரு சப்பைக்கட்டும் கட்டிக்கொண்டார். சாவியைத் திருப்பினால் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து அணையும். அதில் ஒன்று குறைந்தால் யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

“சரியாயிடுச்சுக்கா” என்றார்.

“நிஜமாவாடா? கை வச்சா வச்சதுதான்டா உன் கை!” என்றார் அக்கா. காது வேறு பக்கம் திரும்பி ஸ்பானரைத் தேடினார். ஸ்பானர் அவர் கையிலேயே இருந்தது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒருநாள் காலை, டீச்சரம்மா வீட்டு மேட்டின் நடுவளைவில் அக்காவின் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. பின்னால் லாரி, லாரிக்குப் பின்னால் பஸ், எல்லாமும் ஹார்ன் அடித்தன. அக்கா ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, பையை மார்போடு அணைத்துக்கொண்டு மழையில் நடந்தே ஏறினார். டீச்சரம்மா என்பது ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. இடுப்பில் அறுவை சிகிச்சை ஆகிப் படுத்திருந்தார். ஊசி தாமதமாகிக்கொண்டே போனதால் வலியில் துடித்துக்கொண்டிருந்தார். நனைந்துகொண்டு வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து அவருடைய மகள், “இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க காரும் மேடும்? முடியலேன்னா முடியலேன்னு சொல்லிட வேண்டியதுதானே!” என்று கேட்டுவிட்டார். அக்கா மன்னிப்புக் கேட்டார். “தப்பு என்னோடதுதான். எனக்கு மேட்டுல ஓட்டத் தெரியல” என்றாராம்.

இதைக் காதுக்குப் போனில் சொன்னவன் அக்காவின் மகன். வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டுவிட்டு அவனே மீதியையும் சொன்னான்.

“இனிமே அம்மா கார் ஓட்ட வேண்டாம் மாமா. வித்துடலாம்னு இருக்கேன். இவ்வளவு தூரம் வந்து நிக்கிற வண்டி, லைட் காட்டாமலா நின்னிருக்கும்? எரிஞ்சிருக்கும். அம்மா கவனிச்சிருக்க மாட்டாங்க. கேட்டா, எரியவே இல்லைன்னு சொல்றாங்க. அப்புறம் அவங்களே, ‘எரிஞ்சிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியலடா’ங்கறாங்க. கோளாறு கண்ணுலயா, ஞாபகத்துலயா, என்னன்னு புரியல.”

“பார்க்கறேன் மாப்ளே” என்றார் காது. உண்மையைச் சொல்லியிருக்கலாம், அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் பாதியோடு போயிருக்கும். பெஞ்சில் இரண்டு ஆட்டோக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் அவரைத் தடுத்த பெரிய மலை.

வண்டியை ஸ்டார்ட் செய்தார். புறா குமுறியது. ஸ்க்ரூடிரைவரை இங்கே வைத்தார், அங்கே வைத்தார். ஒன்றும் இல்லை. மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி, டிபன் கேரியரைக் கையில் பிடித்தபடியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, அண்ணி மேட்டுலதானே சத்தம் வருதுன்னு சொன்னாங்க? இங்க தரையில நிக்க வச்சுக் கேட்டா எப்படிக் கேக்கும்?”

வேறு நாளாக இருந்தால் கை உயர்ந்திருக்கும். அன்று உயரவில்லை. காது கொஞ்சம் யோசித்து, “நீ உள்ள ஏறு” என்றார். ஹேண்ட் பிரேக்கை இறுக்கிப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, மனைவியை முதல் கியரைப் போட்டுக் கிளட்சைக் கொஞ்சம் மட்டும் விடச் சொன்னார். வண்டி மேட்டில் திணறுவதுபோலத் திணறியது. இன்ஜின் தன் இருக்கையில் பின்பக்கமாகச் சாய்ந்து எழும்பியது.

“ஸ்ஸ்ஸ்...”

காலி டம்ளரில் ஸ்ட்ரா. அக்கா சொன்ன அதே சத்தம். ஸ்க்ரூடிரைவர் தேவைப்படவில்லை, சாப்பாட்டுக் கேரியரோடு வந்தவருக்கே கேட்டது.

“அண்ணி சொன்னது இதுதானேங்க?” என்று உள்ளே இருந்து மனைவி கத்தினார்.

காற்று உள்ளே போகும் ரப்பர் ஹோஸ், மடிப்பு மடிப்பாக இருப்பது. அதன் அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு கிழிசல். தரையில் நிற்கும்போது மடிப்பு மூடிக்கொள்ளும். இன்ஜின் சாயும்போது வாயைத் திறந்து கணக்கில் வராத காற்றை உறிஞ்சும். இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, காது அடியில் கையை விட்டுத் தடவினார். கிழிசல் விரலுக்குக் கிடைத்தது. கிழிசலோடு வேறொன்றும் கிடைத்தது. எண்ணெயில் ஊறிப் பாதி உரிந்துபோன டேப். அதன் நுனி உள்பக்கம் மடிந்து, சின்ன வாலாக நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஆமை வருவதற்கு வெகுகாலத்துக்கு முந்தைய ஒரு சர்வீஸ். ஹோஸில் கீறல் இருந்தது, மாற்ற ஹோஸ் கையிருப்பில் இல்லை, அக்கா பையோடு அவசரமாக நின்றுகொண்டிருந்தார். “ரெண்டு நாள்ல மாத்திடலாம்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டேப்பைச் சுற்றிவிட்டார். அக்காவிடம் சொல்லவும் இல்லை. பிறகு மறந்தே போனார். பெட்டிக்காரரிடம் ஒருமுறை போயிருந்தால் காற்று அதிகமாகப் போகிறது என்று அவருடைய பெட்டி அன்றைக்கே சொல்லியிருக்கும். பெட்டி எதற்கு, அக்காவே சொன்னாரே. அதற்குத்தான் ‘மூச்சு வாங்கறது நீதான்’ என்று இவர் ஜோக்கடித்தார். ஊரே சிரித்தது.

காது பானெட்டுக்குள் தலையை விட்டபடியே வெகுநேரம் நின்றார். வெளியே எடுத்தால் மனைவி முகத்தைப் பார்க்க வேண்டும்.

சாயங்காலம் புது ஹோஸ் வாங்கி மாட்டி, பழையதைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு அதே காரில் அக்கா வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டே போனார். ஹோஸ் பழசு என்று சொல்லிவிடலாம். உண்மைதானே. அக்கா மேல் தப்பில்லை என்று ஆகிவிடும். விளக்கின் மேல் இருக்கும் டேப்பை அடுத்த சர்வீஸில் யாருக்கும் தெரியாமல் பிரித்துவிடலாம். எல்லோருக்கும் நல்லது. இப்படிப் பூசி மெழுகிக்கொண்டு உள்ளே போனவர், கூடத்தில் அக்கா உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

சாப்பாட்டு மேஜை மேல் அக்காவின் பை காலியாகக் கிடந்தது. ஊசிகள், பஞ்சு, பிளாஸ்திரிச் சுருள்கள், தெர்மாமீட்டர், ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“என்னக்கா இது?”

“ஆஸ்பத்திரியில புதுசா ஒரு நர்ஸ் பொண்ணு சேர்ந்திருக்கு. அதுகிட்ட கொடுத்துடலாம்னு. போதும்டா, எனக்கு.”

“வண்டி இல்லாட்டி ஆட்டோவுல போயேன்.”

“வண்டியை யாருடா சொன்னது?” அக்கா நிமிர்ந்து பார்த்தார். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. “கண்ணுக்கு நேரா எரியற விளக்கே எனக்குத் தெரியலேன்னா, மருந்து பாட்டில்ல இருக்கற பொடி எழுத்து எப்படித் தெரியும்? நேத்து உக்காந்து ஒவ்வொரு லேபிளாப் படிச்சுப் பார்த்தேன். சரியாத்தான் படிக்கிறேன்னு தோணுது. ஆனா அப்படித் தோணறதையே எப்படி நம்பறது? யாருக்காவது மாத்திப் போட்டுட்டேன்னா?”

ஒரு மீசைக்காக ஒட்டிய டேப், அக்காவின் கண்ணையே கட்டிவிட்டிருந்தது. ஆனாலும் பாருங்கள், மனுஷன் கை முதலில் போனது ஹோஸுக்குத்தான். காகிதத்தைப் பிரித்து மேஜை மேல் வைத்தார்.

“கோளாறு இதுலதான்கா. நீ சொன்ன சத்தம் நிஜம். இது கிழிஞ்சிருந்துது.”

அக்காவின் மகன் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “பழைய ரப்பர்தானே மாமா. கிழிஞ்சா யாரு என்ன பண்ண முடியும்?”

அக்கா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கிழிசலைப் பார்த்தார். அப்புறம் டேப்பைப் பார்த்தார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த வாலைப் பிடித்து மெதுவாக ஒருமுறை நிமிண்டினார். தம்பியை நிமிர்ந்து பார்த்தார். காது தரையைப் பார்த்தார்.

“ஆமா” என்றார் அக்கா, மகனிடம். “பழசுதான். அவன் என்ன பண்ணுவான்.”

பட்டறையில் அத்தனை பேர் முன்னால் அவர் அக்காவை விற்றுச் சிரிப்பு வாங்கினார். பெற்ற மகன் ஒருவன் முன்னால்கூட அக்கா அவரை விட்டுக்கொடுக்கவில்லை. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

“ஹோஸ் சரி” என்றான் மகன். “ஆனா லைட் எரிஞ்சிருக்கும்ல? அதை அம்மா பார்த்திருந்தா மேட்டுல போய் நின்னிருக்காதே.”

“அதைத்தானே நானும் சொல்றேன்” என்று அக்கா அட்டைப்பெட்டியின் பக்கம் திரும்பினார். “என் கண்ணுதான்.”

“எரியல” என்றார் காது.

இருவரும் திரும்பினார்கள்.

“லைட் எரியல. எரிஞ்சா தெரியாதபடி நான்தான் உள்ள டேப் போட்டு ஒட்டி வச்சேன். சரி பண்ண முடியல. மீசையை எடுத்துடறேன்னு சொல்லிட்டேன், அதுக்காக. இந்த ஹோஸுலேயும் நான்தான் டேப் சுத்தி வச்சு மறந்துட்டேன். அக்கா கண்ணு நல்லாத்தான் இருக்கு. எல்லாமே நான்தான்.”

மகனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “மலைப்பாதை மாமா அது! பிரேக் போட லாரிக்காரன் ஒரு நொடி தாமதிச்சிருந்தா? மீசையாம் மீசை!” மருமகன் என்பதால் கை நீட்டவில்லை, நீட்டியிருந்தால் காது நிம்மதியாக வாங்கிக்கொண்டிருப்பார்.

அக்கா எழுந்தார். கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு இறங்கினார். டிரைவர் சீட்டுக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, “பிரி” என்றார்.

காது மீட்டர் பலகையை இழுத்து, உள்ளே கையை விட்டு அந்த டேப்பைப் பிரித்தார். அதிலும் வால் இருந்தது, சட்டென்று வந்துவிட்டது. அக்கா சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பினார். மற்ற விளக்குகள் எரிந்து அணைந்தன. ஆமை மட்டும் பளிச்சென்று நின்றது.

அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “தெரியுது” என்றார். “நல்லாத் தெரியுதுடா.” கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். “காலெல்லாம் நல்லாத் தெரியுது.”

“பழைய கோளாறு அதோட ஞாபகத்துல இருக்கும்கா. பேட்டரி ஒயரைக் கழட்டினா உடனே அணைஞ்சிடும்” என்றார் காது, ஏதாவது செய்ய வேண்டுமே என்று.

“தொடாதே. நல்லா ஓடினா அதுவே அணையும்ல? அதுவா அணையட்டும்.” சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். “நாளைக்குக் காலையில வந்துடு. டீச்சரம்மா வீட்டுக்குப் போகணும்.”

“வண்டிக்கு இனிமே ஒண்ணும் ஆகாதுக்கா. நான் எதுக்கு?”

“அவங்க வீட்டுல போய், எனக்கு ஓட்டத் தெரியலேன்னு நானே சொல்லிட்டு வந்திருக்கேன். அது உண்மை இல்லைன்னு அவங்களுக்கு யார் சொல்றது?”

மறுநாள் காலை காது முதலில் சலூனுக்குப் போனார். முடி வெட்டுகிறவர் “முழுசாவா? நிஜமாவா?” என்று இருமுறை கேட்டுவிட்டுத்தான் கத்தியை வைத்தார். மேலுதடு வெளுத்துப்போய், பார்க்க யாரோ மாதிரி இருந்தார். பட்டறை வழியாகத்தான் போக வேண்டும், ஆட்டோக்காரர்கள் பார்த்தார்கள். ஒருவர் வாயைத் திறந்து, பக்கத்தில் இருந்தவர் இடித்ததும் மூடிக்கொண்டார். கேலி செய்திருந்தால் தேவலாம் என்று காதுக்குத் தோன்றியது.

அக்கா அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ துடித்தது. சிரிக்கவில்லை. “ஏறு” என்றார். மேஜையிலிருந்த அட்டைப்பெட்டி காலியாகி, பை பழையபடி உப்பி, தம்பியின் மடியில் வந்து உட்கார்ந்தது. காது அதைப் பிடித்துக்கொண்டார்.

மேட்டில் அக்கா கியரைக் குறைத்து ஏறினார். கிளட்ச் மேல் கால் இல்லை. தேவையானபோது மட்டும் போய் வந்தது. இதைக் காது முதல்முறையாகப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் அக்காவோடு இந்தக் காரில் மேடு ஏறியதே இல்லை. ஆமை மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. நடுவளைவில், சக்கரத்துக்கு வைத்த கல் ஓரமாகக் கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். என்ன சொல்ல வேண்டும் என்று காது மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வளைவிலும் அது கொஞ்சம் சுருங்கியது. கடைசியில் ‘சின்னக் கோளாறு, என் கவனக்குறைவு’ என்ற அளவில் வந்து நின்றது.

டீச்சரம்மா தலையணைகளுக்கு நடுவே சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் காபி டம்ளரோடு கதவருகில் நின்றார். அக்கா பையைத் திறந்து பஞ்சையும் பிளாஸ்திரியையும் எடுத்து வைத்தபடி குரலை உயர்த்தி, “இவன் என் தம்பி. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்” என்றார்.

காது தொண்டையைச் செருமினார். “அன்னிக்கு வண்டி நின்னது... ஒரு சின்ன... என்னோட...”

டீச்சரம்மா உள்ளங்கையைக் குவித்துத் தன் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். “எனக்குக் காது மந்தம்ப்பா. சத்தமாச் சொல்லு.”

காது அக்காவைப் பார்த்தார். அக்கா முதுகைக் காட்டிக்கொண்டு பழைய கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். சின்னக் கோளாறு என்பதைச் சத்தம் போட்டுச் சொன்னால் எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. மூச்சை இழுத்துக்கொண்டு, வாசலில் போகிறவர்களும் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“வண்டி நின்னது அக்காவால இல்லைங்க! அவங்க நல்லாத்தான் ஓட்டறாங்க! தப்பா வேலை பார்த்தது நான்! லைட்டை மூடி வச்சதும் நான்! மேட்டுல சத்தம் வருதுன்னு அவங்க அப்பவே சொன்னாங்க! நான்தான் கேக்கல!”

மகளின் முகம் மாறியது. அக்காவைப் பார்த்தார், கையிலிருந்த காபியைப் பார்த்தார், என்ன செய்வதென்று தெரியாமல் அதை அக்காவின் பக்கம் நீட்டினார். டீச்சரம்மா மட்டும் கையைக் காதிலிருந்து எடுக்காமல், மீசை இல்லாத அந்த முகத்தை, வகுப்பில் பின்வரிசைப் பையனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பக் கேட்டுச்சு” என்றார். “சரி. அவங்க சொன்னப்ப நீ ஏன் கேக்கல?”

ஊசி மருந்தின் வாசனை வந்தது. அக்கா புதுக் கட்டின் மேல் பிளாஸ்திரியை ஒட்டி, நுனியை உள்ளே மடித்து வால் விட்டார்.

“டீச்சர் கேக்கறாங்கல்ல” என்றார், திரும்பாமலே. “பதில் சொல்லுடா.”